பரண் பெட்டியில் படங்கள் கிடைத்தால்

வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமாகி, காரியமெல்லாம் முடிந்து, பரணை ஒழிக்க ஆள் ஏறும்போதுதான் பெரும்பாலும் அந்தப் பெட்டி இறங்கும். பழைய பாத்திரம் என்று நினைத்துத் திறந்தால் கட்டுக் கட்டாகப் படங்கள். வரைந்தவர் நம் பெரியப்பாவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், மாடியில் குடியிருந்த வாத்தியாராகவும் இருக்கலாம். இவ்வளவு வரைந்திருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒன்றிரண்டு பேரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அப்படியொரு பெட்டியை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று முழிக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அது என் தாய்மாமா. மதுரையில் சினிமா பேனரும் கடை போர்டும் எழுதியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கீழவாசல் பக்கம் ஒற்றை அறையில் இருந்தார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பேனர் வேலை நின்றுபோய், கடைசிக் காலத்தில் வண்டி நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகுதான், சினிமா நோட்டீஸின் பின்பக்கத்திலும் காலண்டர் தாளின் முதுகிலும் ஊரையே வரைந்து அடுக்கி வைத்திருந்தது தெரிந்தது. நான் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாமாவின் படங்களை ஒழுங்கு செய்ததைப் பார்த்துவிட்டு இன்னும் சில குடும்பங்கள் கூப்பிட்டார்கள். அங்கெல்லாம் போய்ப் பார்த்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெட்டியைக் கலைக்காதீர்கள்

பெட்டி இறங்கியதும் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத்தான் தோன்றும். ‘இது எங்க ஆச்சி மாதிரியே இருக்கு, நான் வச்சுக்கிறேன்’ என்று ஒருவர் கேட்பார். சின்னப் பிள்ளைகள் ரீல் எடுக்க ஆரம்பிப்பார்கள். அன்றைக்கு வீட்டில் யாராவது ஒருவர் கறாராக இருந்தே ஆக வேண்டும். ஒரு தாள்கூட அன்று வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

பெட்டி இருந்த இடத்தில் இருந்தபடியே ஒரு போட்டோ எடுங்கள். மூடியைத் திறந்ததும் மேலிருந்து ஒன்று. ஒவ்வொரு கட்டையும் வெளியே எடுக்கும்போது ஒன்று. எந்தக் கட்டு எதன் மேல் இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டியிருந்த சணல், சுற்றியிருந்த துணி, நடுவில் சொருகியிருந்த பெயின்ட் கடை ரசீது, பஸ் டிக்கெட், எதையும் குப்பையென்று தள்ளாதீர்கள். அவர் எப்படி அடுக்கினாரோ அந்த அடுக்கு நமக்குப் பல விஷயங்களைச் சொல்லும். மாமாவின் கட்டுகள் எல்லாம் சணலில் கட்டியிருந்தன, ஒன்று மட்டும் வேட்டிக் கரையைக் கிழித்துக் கட்டியது. அதில் இருந்தது முழுக்க ஒரே பெண்ணின் படங்கள். இளவயதில் தொடங்கி நரைத்த தலை வரைக்கும். மற்ற படங்களோடு கலந்து போட்டிருந்தால் அது ஒரே முகம் என்று யார் கண்ணிலும் பட்டிருக்காது.

படத்துக்கு முன்னால் ஆட்களைத் தேடுங்கள்

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். நாற்பது வருடம் பரணில் தாங்கிய தாள், நனையாத இடத்தில் வைத்தால் இன்னும் ஆறு மாதம் தாங்கும். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இப்போது எண்பது வயதைத் தொட்டிருக்கும். அவர்களுக்காகத்தான் அவசரப்பட வேண்டும். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. முதல் வேலையாக ஃபிரேம் போடக் கொடுக்கிறார்கள், யூடியூப்காரரைக் கூப்பிடுகிறார்கள், விலை விசாரிக்கிறார்கள். அதற்குள் விவரம் தெரிந்த மனிதர் போய்ச் சேர்ந்துவிடுகிறார். அப்புறம் ‘இது யார், எந்த இடம்’ என்று கேட்க ஆளில்லை. பெயரில்லாத முகங்கள்தான் மிஞ்சும்.

யாரைத் தேடுவது? சொந்தக்காரர்களை விடத் தொழில்காரர்களுக்கு அதிகம் தெரியும். பேனர் ஓவியர் என்றால் கூட வரைந்தவர்கள், வர்ணம் குழைத்துக் கொடுத்த பையன்கள், தியேட்டர் ஆபரேட்டர், போஸ்டர் ஒட்டியவர், பெயின்ட் கடைக்காரர், தினமும் சாப்பிட்ட மெஸ், டீக்கடை. ஸ்டுடியோக்காரர் என்றால் டார்க் ரூமில் கூட இருந்தவர், டச்சப் செய்தவர். அத்தை கோலமும் பின்னலும் போட்டு வைத்திருந்தால் அதே தெருவில் கூட உட்கார்ந்த பெண்கள்.

போகும்போது போனில் காட்டலாம் என்று போகாதீர்கள். வயதானவர்களுக்குப் போன் திரை பிடிபடாது. இருபது முப்பது படங்களைப் பெரிய அளவில் கலர் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். கையில் தாளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். ‘அவரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் ‘தங்கமான மனுசன்’ என்பதோடு முடிந்துவிடும். ‘இந்தப் படத்தில் இருக்கிற இடம் எது?’ என்று கேட்டால் பேச்சு தானாக வரும். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே தேதி, ஊர், பேசுகிறவர் பெயர் மூன்றையும் நீங்கள் சொல்லிவிடுங்கள். பிறகு கோப்பின் பெயர் மாறிப்போனாலும் குரலிலேயே விவரம் இருக்கும்.

ஜெய்ஹிந்துபுரத்தில் மாமாவோடு பேனர் வரைந்த ஒரு பெரியவர் இருக்கிறார். ஜெராக்ஸை ஜன்னல் பக்கம் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “இங்கன பாருத்தா, கட்டம் போட்ட தடமே இல்ல. தொழிலுக்கு ஸ்டில்லுல கட்டம் போட்டு, துணியிலயும் கட்டம் போட்டு, அதைப் பெருசாக்குவோம். இது கை போன போக்குல போட்டிருக்கான்” என்றார். பேனர் துணியெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன். படம் தூக்கியதும் துணியை இறக்கி, மேலே வெள்ளை அடித்து, அடுத்த படத்தை அதிலேயே வரைவார்களாம். துணி கிழிகிற வரைக்கும் இதேதான். ஆக, முப்பது நாற்பது அடிக்கு மாமா வரைந்த எதுவும் இன்று கிடையாது. பெட்டியில் இருக்கிற கையகல நோட்டீஸ்கள்தான் மிச்சம்.

அப்புறம் அந்த வேட்டிக்கரைக் கட்டிலிருந்து ஒரு படத்தைக் கொடுத்தேன். பூக்கட்டுகிற பெண். முகத்தை இரண்டு கோட்டில் முடித்திருப்பார், கைக்குத்தான் அவ்வளவு கவனம். நாரின் ஒரு நுனி கால் கட்டைவிரலில் சுற்றியிருக்கும், மறுநுனி இடது கையில் இழுபடும், வலது கை ஆள்காட்டி விரல் முடிச்சுக்கு அடியில் நுழைந்து பாதியில் நிற்கும். நகத்தில் ஒரு சின்ன வெள்ளை விட்டிருப்பார். பெரியவர் பார்த்த உடனே, “இது வெளக்குத்தூண் பூக்காரம்மால்ல!” என்றார். காலையில் பெயின்ட் கடை திறக்கிற வரைக்கும் மாமா அங்கேதான் நிற்பாராம். அந்த அம்மா எந்த ஊர்க்காரர், எந்த வருடம் வரைக்கும் அங்கே உட்கார்ந்திருந்தார் என்பதெல்லாம் அன்றைக்குக் கிடைத்தது. இதில் எதுவும் பெட்டிக்குள் இல்லை.

ஒன்று கவனியுங்கள். நினைவு பிசகும். ஒரே படத்துக்கு இரண்டு பேர் இரண்டு இடம் சொல்வார்கள். சண்டை போட வேண்டாம், இரண்டையும் யார் சொன்னது என்று பெயரோடு எழுதுங்கள். நோட்டில் ‘தாளில் இருப்பது’ என்று ஒரு பத்தி, ‘கேட்டது’ என்று ஒரு பத்தி. இரண்டையும் கலக்கவே கூடாது.

தேதி கண்டுபிடிப்பது

இப்படிப்பட்டவர்கள் படத்தில் தேதி போடுவது அபூர்வம். பலர் கையெழுத்தே போட மாட்டார்கள், பேனர் மூலையில் கடைப் பெயரை எழுதியே பழகியவர்கள். ஆனால் நம்மவர்கள் நல்ல தாள் வாங்கி வரைந்ததில்லை, கிடைத்த தாளில் வரைந்தார்கள். அதனால் பின்பக்கத்தைத் திருப்பினால் பாதி வேலை முடிந்துவிடும்.

தினசரிக் காலண்டர் தாள் என்றால் தேதி அச்சிலேயே இருக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் அநேகமாக வரைந்திருக்க மாட்டார், பின்னால் எப்போது வேண்டுமானாலும் வரைந்திருக்கலாம். எல்லாத் தடயத்துக்கும் இதே கணக்குதான்: ‘இதற்குப் பின்’ என்று மட்டுமே எழுதுங்கள். சினிமா நோட்டீஸில் படத்தின் பெயர் இருக்கும், வெளியான வருடம் தெரியும். ஆனால் பழைய படத்தை இரண்டாவது தடவை ஓட்டுவது மதுரையில் சகஜம், அதையும் மனதில் வையுங்கள்.

கல்யாணப் பத்திரிகை, ரசீது, உறை இவற்றின் பின்பக்கமானால் இன்னும் நல்லது. தாள் எப்போது அச்சானது என்று தெரியும், படம் அதற்குப் பின். விலை ‘ந.பை.’ என்று இருந்தால் நயா பைசா காலம், அதாவது 1957க்கும் 1964க்கும் இடையில். ‘சென்னை மாநிலம்’ என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முன்னால் அச்சானது, அந்த மாதம்தான் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. மதுரை ‘முனிசிபாலிட்டி’ என்று இருந்தால் 1971க்கு முன், அந்த வருடம்தான் மாநகராட்சி ஆனது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். ‘மதுரை மாவட்டம், திண்டுக்கல்’ என்று அச்சடித்திருந்தால் அநேகமாக 1985க்கு முன், அந்த வருடம் திண்டுக்கல் தனி மாவட்டமாகிவிட்டது. எழுத்தையும் பாருங்கள். ‘லை’, ‘னை’, ‘றா’, ‘னா’ முதலியவை பழைய வடிவத்தில் அச்சாகியிருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பழைய அச்செழுத்தை வைத்தே சில வருடம் ஓட்டிய அச்சகங்களும் உண்டு. கையெழுத்தில் பழைய வடிவம் இருந்தால் அதை வைத்து எதுவும் முடிவு கட்டாதீர்கள். பழகிய கை கடைசி வரைக்கும் பழைய ‘லை’தான் போடும்.

சிலர் தமிழ் வருடப் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். ‘விகாரி, பங்குனி’ என்றால் 1960 மார்ச், ஏப்ரல். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும், ஆகவே 2020 ஆகவும் இருக்கலாம். வரைந்தவரின் வயதை வைத்து எது என்று தீர்மானித்துவிடலாம்.

படத்துக்குள்ளேயும் தேதி இருக்கும். மதுரைத் தங்கம் தியேட்டர் கட்டடம் தெரிந்தால் 1952க்குப் பின். மாட்டுத்தாவணியில் பஸ் ஸ்டாண்டு தெரிந்தால் 1999க்குப் பின். கடை போர்டு, பஸ்ஸின் நிறம், மின்கம்பம், பெண்களின் ரவிக்கைக் கை நீளம் என்று தேடிக்கொண்டே போகலாம். இந்த வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள், ஆர்வமாகச் செய்வார்கள்.

பெட்டியில் சாமி படங்கள் இருந்தால் ஒரு விஷயம். கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த காலண்டர் படங்களைப் பார்த்துப் பழகாத ஓவியர் இந்தப் பக்கம் குறைவு. மாமாவின் பெட்டியிலும் மீனாட்சி கல்யாணம் அப்படியொன்று இருக்கிறது. பார்த்து வரைந்ததைச் சொந்தக் கற்பனை என்று பட்டியலில் ஏற்றாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். ‘பார்த்து வரைந்தவை’ என்று தனியாக எழுதுங்கள். அவர் யாரிடமிருந்து எதைக் கற்றார் என்பது அதில்தான் தெரியும்.

செய்யவே கூடாதவை

லேமினேஷன். ஜெராக்ஸ் கடைக்காரர் ‘ஒரு நிமிசம்க்கா’ என்பார், கொடுத்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. செலோ டேப்பும் அப்படித்தான், சில வருடத்தில் பழுப்புக் கறையாகித் தாளுக்குள் இறங்கிவிடும். ஃபெவிகால் தடவி அட்டையில் ஒட்டுவது, வார்னிஷ் அடிப்பது, ஈரத் துணியால் துடைப்பது, பூச்சி போகட்டும் என்று வெயிலில் காயப் போடுவது எல்லாமே கெடுதல். போஸ்டர் கலரும் வாட்டர் கலரும் ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்துவிடும்.

தூசியை மெத்தென்ற புது பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். பூஞ்சணம் இருந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு, அந்தக் கட்டை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றாடும் நிழலில் வையுங்கள். ஒட்டிக்கொண்ட தாள்களை இழுக்காதீர்கள், ஒட்டியபடியே ஒரு உறையில் போட்டு ‘பிரிக்கவில்லை’ என்று எழுதி வையுங்கள். சுருட்டி வைத்த பெரிய படத்தை ஒரே மூச்சில் விரித்தால் வர்ணம் உதிரும். சில நாட்கள் தளர்வாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விரியவிட வேண்டும்.

எண், போட்டோ, நகல்

எண் போட 2பி பென்சில். பின்பக்கம், கீழ் மூலையில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் காட்டும், ஸ்கெட்ச் பேனா ஊறும். கட்டு எண், தாள் எண் இரண்டும் இருக்கட்டும்: ‘3–14’ என்றால் மூன்றாவது கட்டில் பதினாலாவது தாள். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் அளவு, எதில் வரைந்தது, என்ன இருக்கிறது, பின்பக்கம் என்ன, சேதம் என்ன என்று ஒரு வரி. தலைப்பு இல்லாத படத்துக்கு நீங்களாகக் கவிதையாய்ப் பெயர் வைக்காதீர்கள். ‘பூக்கட்டும் பெண், வலப்பக்கம் பார்க்கிறாள்’ என்றால் போதும்.

போட்டோவுக்குத் தாழ்வாரமோ வடக்கு பார்த்த ஜன்னலோ நல்லது, காலை வேளையில், நேர் வெயில் விழாமல். ஃபிளாஷ் வேண்டாம். தாளைத் தரையில் வெள்ளைத் துணி மேல் வைத்து, போனை அதற்கு இணையாக மேலே பிடியுங்கள், நாலு மூலையும் தெரிய வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், அளவு தெரியும். அழகுபடுத்தும் வசதிகளையெல்லாம் போனில் அணைத்துவிடுங்கள். மஞ்சளான தாள் மஞ்சளாகவே இருக்கட்டும். பின்பக்கத்தையும் தவறாமல் எடுங்கள். நல்ல ஸ்கேனர் கிடைத்தால் சிறிய படங்களை 600 டிபிஐ துல்லியத்தில் எடுக்கலாம். உதிர்கிற வர்ணம் உள்ளவற்றை ஸ்கேனரில் கவிழ்க்காதீர்கள்.

வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். மூன்று நகல் வேண்டும், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். எங்கள் ஹார்டு டிஸ்க் ஒன்று விருதுநகரில் தங்கை வீட்டில் இருக்கிறது.

பெட்டியில் ஃபிலிம் நெகட்டிவ் இருந்தால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதை மற்றவற்றோடு வைக்காமல் முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். கண்ணாடி நெகட்டிவ் பிளேட் இருந்தால் படுக்க அடுக்காமல், ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி நிற்க வையுங்கள்.

எங்கே வைப்பது

திரும்பவும் பரணில் மட்டும் வேண்டாம். மதுரை வெயிலில் கூரையை ஒட்டிய இடம் கொதிக்கும். தரையும் வேண்டாம், கரையான் வரும். குளியலறைச் சுவரை ஒட்டியும் வேண்டாம். வீட்டின் நடு அறையில் ஸ்டீல் பீரோவின் நடுத்தட்டு சரியான இடம். அமிலமில்லாத தாள் வாங்க முடிந்தால் ஒவ்வொரு படத்துக்கும் இடையில் வையுங்கள். முடியாவிட்டால், கஞ்சி போடாமல் துவைத்துக் காயவைத்த வெள்ளைப் பருத்தி வேட்டியில் கட்டுங்கள். நியூஸ் பேப்பரில் சுற்றாதீர்கள், அதன் மையும் அமிலமும் படத்துக்கு இறங்கும். பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைக்கலாம், படத்தைத் தொடாமல். ஓலைச்சுவடிக் கட்டுகளுக்கு நம் ஊரில் செய்ததுதான். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

உரிமை யாருக்கு

இதைச் சண்டை வருவதற்கு முன் பேசிவிட வேண்டும். பெட்டி யார் வீட்டில் இருக்கிறதோ அவர்தான் எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் என்பது இல்லை. படம் என்கிற பொருள் வேறு, அதை அச்சிடும் உரிமை வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தின் உரிமை வரைந்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த வருடத்துக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடங்களும் இருக்கும். 2012இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு புகைப்படத்துக்கும் பொதுவாக இதே கணக்கு. உயில் இல்லாவிட்டால் உரிமை வாரிசுகளுக்குப் போகும். பதிவு செய்தால்தான் உரிமை என்பதும் கிடையாது. இன்னொன்று, ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அதன் உரிமை வரையச் சொன்னவருக்கு. ஆகவே பெட்டியில் யாரோ வாங்காமல் விட்டுப்போன உருவப்படம் இருந்தால் தனியாக வையுங்கள்.

விவியன் மேயரின் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் சிகாகோ நகரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். லட்சத்துக்கும் மேல் புகைப்படங்கள் எடுத்துவிட்டு யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். வாடகை கட்டாமல் விட்ட கிடங்கிலிருந்த பெட்டிகள் 2007இல் ஏலத்துக்குப் போயின, அவர் 2009இல் இறந்தார். அதற்குப் பிறகுதான் உலகம் கொண்டாடியது. வாங்கியவர்கள் கையில் நெகட்டிவ் இருந்தது, பதிப்புரிமை யாருக்கு என்பதில் 2014 முதல் நீதிமன்றப் பிரச்சினை வந்தது. கல்யாணமாகாதவர், நேர் வாரிசு இல்லாதவர், எங்கள் மாமா மாதிரி. நாங்கள் அம்மாவையும் மாமாவின் மற்ற உடன்பிறந்தவர்களையும் உட்கார வைத்து, படங்களைப் பிரிப்பதில்லை, அச்சிடுவது பற்றி எல்லாரும் சேர்ந்து முடிவெடுப்பது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். வக்கீலிடம் காட்டி எழுதுங்கள், பெரிய செலவில்லை.

காட்டுவதும் கொடுப்பதும்

வரைந்தவர் இதைக் காட்ட விரும்பினாரா என்று முதலில் யோசிக்க வேண்டும். ஸ்வீடன் நாட்டு ஓவியர் ஹில்மா அஃப் கிளிண்ட் 1944இல் இறந்தபோது, தன் படங்களை 20 வருடத்துக்கு வெளியே காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார், குடும்பம் அதை மதித்தது. நம்மவர்கள் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் கட்டிய விதமே சில சமயம் சொல்லும். பூக்காரம்மாவின் குடும்பத்தைத் தேடிப் பார்த்துக் கேட்ட பிறகுதான் அந்தக் கட்டிலிருந்து சிலவற்றை வெளியே காட்டினோம். அவருடைய பேத்தி, பாட்டியின் கையை மட்டும் வரைந்த ஒரு படத்துக்கு நகல் கேட்டாள். பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தோம்.

முதல் கண்காட்சியை அவர் நடமாடிய தெருவிலேயே வையுங்கள். கல்யாண மண்டபத்தின் டைனிங் ஹால், சங்கக் கட்டடம், பள்ளிக்கூடம் எதுவாக இருந்தாலும் சரி. அசல் வேண்டாம், அச்சு நகல்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சில் ஒன்றும் வெறுந்தாள் ஒன்றும் தொங்க விடுங்கள். வருகிறவர்கள் இடம், பெயர், வருடம் எழுதிவிட்டுப் போவார்கள்.

அறிமுகக் குறிப்பை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். ‘உலகம் அறியாத மேதை’ என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். மாமாவை ஓவியர் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அவர் எழுதிய போர்டுகளைப் படித்துத்தான் பாதி ஊர் கடை தேடியது. அதையும் எழுதினால்தான் ஆள் முழுதாகத் தெரிவார். எங்கே பிறந்தார், யாரிடம் தொழில் கற்றார், எந்தக் கடைகளுக்கு எழுதினார், எப்போது வேலை நின்றது, இவை போதும். அழியாமல் இருக்கிற போர்டுகளையும் இப்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். கடைக்காரர் அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது போய்விடும்.

விற்பதைப் பற்றி: முழுப் பட்டியலும் நகலும் முடிகிற வரைக்கும் ஒன்றையும் விற்காதீர்கள். பெட்டியோடு ஒரு தொகை தருகிறேன் என்று ஒருவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். எத்தனை படம் என்று அவரும் கேட்கவில்லை. பணத் தேவை எல்லாக் குடும்பத்திலும் உண்டு, விற்பது தப்பில்லை. ஆனால் ஒரே பொருளை வரைந்த வரிசையை உடைத்து விற்காதீர்கள். யாருக்குப் போனது என்பதையும் பட்டியலில் எழுதுங்கள். நல்ல விலைக்குப் பிற்காலத்தில் கைமாறினால் வாரிசுகளுக்குப் பங்கு கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் 10 சதவீதம் வரை அந்தப் பங்கு இருக்கலாம். ரசீதும் பட்டியலும் இருந்தால்தான் அதையெல்லாம் கேட்க முடியும்.

நிறுவனத்திடம் கொடுப்பதானால், தொகுப்பாகக் கொடுங்கள். கோட்டையூரைச் சேர்ந்த, விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, வாழ்நாள் முழுக்கப் புத்தகங்களும் அச்சிட்ட தாள்களும் சேர்த்தார். அவர் 1992இல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, அதை வைத்து 1994இல் சென்னையில் ஆய்வு நூலகம் உருவானது. பிரியாமல் ஒன்றாக இருந்ததால் இன்று ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. பழைய ஸ்டுடியோப் படங்கள் வைத்திருப்பவர்கள் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைக் கேட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டு ஸ்டுடியோ புகைப்படங்களைத் தேடி டிஜிட்டலாக்கி வைக்கும் வேலையை அவர்கள் செய்திருக்கிறார்கள். யாரிடம் கேட்டாலும் போனில் ‘நிறையப் படம் இருக்கு’ என்று சொல்லாமல், பட்டியலும் பத்துப் படங்களின் நகலும் அனுப்புங்கள். பதில் வரும்.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: அசல் கொடுக்கிறீர்களா நகல் எடுக்க மட்டுமா, அச்சிடும் உரிமை யாரிடம் இருக்கும், வெளியிடும்போது வரைந்தவரின் பெயரை எப்படிப் போட வேண்டும். மாமாவின் பெயரைத் தமிழில், அவர் போர்டில் எழுதிய அதே எழுத்துக் கூட்டலில் போட வேண்டும் என்று நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். ஒலிப்பதிவுகளைக் கொடுப்பதானால், பேசியவர்களின் சம்மதத்தையும் அதோடு இணைத்துக் கொடுங்கள்.